அடுப்பு இல்லாத அறை

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என் மனைவி விஷாகா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ரொம்பக் கொஞ்சம். அதில் ஒன்று, அடுப்பு இல்லாத அறை.

போன வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கேட்டாள். ஃப்ரீமான்ட் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின லாங் வீக்கெண்டுக்கு எங்கே போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாபாவுல ரெண்டு நாள். அப்புறம் மெண்டசீனோ பீச்ல ரெண்டு நாள். நாம ரெண்டு பேர் மட்டும். கிச்சன் இல்லாத ரூமா பாருங்க."

"கிச்சன் இல்லைன்னா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அங்க என்ன கிடைக்குதோ அது. ப்ரெட் கிடைச்சா ப்ரெட். அஞ்சு நாளைக்கு நான் கரண்டியைத் தொடறதா இல்ல."

அவள் கேட்டதில் இருந்த நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கோடைக்காலம் என்றால் விருந்தாளிக் காலம். ஒரு வருடம் என் அப்பா அம்மா சென்னையிலிருந்து வருவார்கள், மறு வருடம் அவளுடைய அப்பா அம்மா. இடையில் என் அக்கா குடும்பம், அவள் சித்தப்பா குடும்பம். விசாவில் குத்திக் கொடுத்த ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கூட வீணாக்காமல் இருந்துவிட்டுப் போவார்கள். கோல்டன் கேட் பாலத்துக்கு நான் பதினெட்டுத் தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவளோடு மட்டும் போனதில்லை. முட்டி வலிக்காரர்களுக்குத்தான் முன் சீட்டு என்பது எழுதாத சட்டம். அப்பா உட்காருவார், இல்லாவிட்டால் மாமனார். விஷாகா கடைசி வரிசையில், மடியில் புளியோதரை டப்பா, காலடியில் தயிர்சாதம், கையில் பேப்பர் தட்டுக் கட்டு. இந்த ஊரையெல்லாம் நான் அவளைக் கண்ணாடியில் பார்த்தபடியேதான் சுற்றியிருக்கிறேன்.

இப்போது பெரியவர்களில் பாதிப் பேர் இல்லை. மீதிப் பேரால் அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. எங்கள் ஒரே மகள் தீக்ஷா கல்யாணமாகி டெக்ஸஸில், டாலஸை ஒட்டிய காப்பெலில் இருக்கிறாள். யாருமே வராத முதல் கோடை எங்களுக்குப் போன வருடம்தான் வாய்த்தது.

இன்னொன்றும் இருந்தது. விஷாகா வேலை பார்த்த மருத்துவக் கருவிக் கம்பெனி, ஆபீஸையே டாலஸ் பக்கம் மாற்றுவதாக அறிவித்திருந்தது. வருகிறவர்கள் வரலாம், வராதவர்களுக்குக் கைகுலுக்கி விடை. ஜூலை பன்னிரண்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு சான் ஹோஸேயில் வேலை. பதினாலு வருடமாக ஒரே நாற்காலி. அதை விட்டு நகர்வதாக நான் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

"உனக்கு எது சரின்னு தோணுதோ பண்ணு" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. அங்க போய் உக்காந்து பேசலாம். இந்த வீட்டுல பேசினா நீங்க பாதியில குப்பைத் தொட்டியை வெளிய வைக்கப் போயிடுவீங்க."

அது உண்மை. அதற்கு முந்தின வாரம்தான் அப்படிப் போயிருந்தேன்.

நாபா பக்கத்துச் செயின்ட் ஹெலீனாவில் ஒரு சின்ன விடுதி கிடைத்தது. ஒரே ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம். மெண்டசீனோவில் கடலைப் பார்த்த இன்னொரு அறை. விஷாகா திரையில் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். "மைக்ரோவேவ்கூட இல்ல!" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மோரி அவென்யூ மளிகைக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நஞ்சுண்டன் வந்தான். இருபது வருட நண்பன், என்னைப் பத்து என்றுதான் கூப்பிடுவான். கூடவே அவன் மாமனார் கிட்டுசாமி, பொள்ளாச்சியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தவர்.

"என்ன பத்து, லாங் வீக்கெண்டுக்கு எங்க?"

"நாபா, மெண்டசீனோ."

"யார் யார்?"

நம் ஆட்களின் கேள்வி இதுதான். எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் யார் யார். எங்கள் கூட்டத்தில் எவனும் தனியாகப் போவதில்லை. நாலு குடும்பம், மூன்று வேன், இரண்டு குக்கர், யார் எதைச் சமைத்து எடுத்துவருவது என்று ஒரு எக்ஸெல் பட்டியல். இரண்டு பேராகப் போகிறவர்கள் என்றால் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், அல்லது எல்லாரோடும் சண்டை போட்டவர்கள். எனக்கு வயது ஐம்பத்து நாலு. பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கிறார். ஒயின் குடிக்கும் ஊருக்கு நானும் என் பெண்டாட்டியும் தனியாகப் போகிறோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இப்போது எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று வெட்கமாகத்தான் இருந்தது.

"நாங்க ரெண்டு பேர் மட்டும் போய் என்ன பண்ணப் போறோம்? நீங்களும் வாங்களேன். அங்கிளுக்கும் சுத்திக் காட்டின மாதிரி இருக்கும்" என்றேன்.

நஞ்சுண்டன் நல்லவன். கொஞ்சம் தயங்கினான். "இல்ல பத்து, நீங்க ஏதோ ஆனிவர்சரி ட்ரிப் மாதிரி ப்ளான் பண்ணியிருப்பீங்க..."

கதவைத் திறந்தே வைத்தான். நான்தான் வெளியே வரவில்லை. "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லடா. எல்லாரும் ஒரே வண்டியில போலாம்."

வீட்டுக்கு வந்து, வெண்டைக்காய்ப் பையை மேடையில் வைத்தபடியே விஷாகாவிடம் சொன்னேன். அவள் காய்களைக் கழுவித் துணியில் பரப்பினாள். ஒன்றொன்றாகத் துடைத்தாள்.

"அப்ப ரூம்?"

"கேன்சல் பண்ணிட்டு ரெண்டு இடத்துலயும் வீடா எடுத்துடறேன். மூணு பெட்ரூம். நாபா வீட்டுப் படம் பாத்தேன் விஷா, கிச்சன் பிரமாதமா இருக்கு."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அவள் ஒரே வெண்டைக்காயை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கிள் காரம் சாப்பிடுவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை நாலாம் தேதி வியாழக்கிழமை காலை எங்கள் வேனில் கிளம்பினோம். நஞ்சுண்டன், அவன் மனைவி அஞ்சனா, கிட்டுசாமி அங்கிள், நாங்கள் இருவர். பின்னால் இரண்டு குக்கர், அரிசி மூட்டை, அஞ்சனா அரைத்து வந்த மிளகாய்ப் பொடி. அங்கிள் முன் கதவருகே நின்று, "நீ முன்னால வா கண்ணு, நான் பின்னால குந்திக்கிறேன்" என்றார். நியாயமான மனுஷன்.

"பரவால்ல அங்கிள், நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு விஷாகா என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். நான் குனிந்து அங்கிளுக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டேன்.

நாபாவில் நூற்றாறு டிகிரி வெயில். ஒயின் கூடத்து மரத்தடி மேஜையில் உட்கார்ந்தோம். அங்கிள் தோட்டத்தைக் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இதைப் பாக்கவா இத்தனை தூரம்? நம்ம கம்பத்துல இல்லாத திராட்சையா? அங்க பந்தல் போட்டுருப்பாங்க, இங்க வேலியாட்டம் நட்டு வெச்சிருக்காங்க, அவ்வளவுதானே?" எல்லோரும் சிரித்தோம். விஷாகாவும் சிரித்தாள்.

பரிசாரகப் பெண் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். விஷாகா ஒன்றை எடுத்தாள். அவள் வாழ்க்கையில் முதல் ஒயின். நான் அவள் காதோரம் குனிந்து, "அங்கிள் முன்னாடி வேண்டாமே" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். அங்கிள் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் சொட்டு நீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரிசை முடியற வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

"இரு, அங்கிள் ரெஸ்ட் ரூம் போகணுங்கறார். கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்."

நான் திரும்பி வந்தபோது அவள் தனியாகவே போயிருந்தாள். கொடிகளுக்கு நடுவே வெகுதூரத்தில் அவள் தொப்பி மட்டும் தெரிந்தது. போயிருக்கலாம். ஓடினால் இரண்டு நிமிடம். ஆனால் நஞ்சுண்டன் க்ரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்றான், நான் அங்கிருந்தே "விஷா, போட்டோ!" என்று கத்தினேன். அவள் வந்தாள். அந்தப் படத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

அன்று சாயங்காலம் அந்தப் பிரமாதமான கிச்சனில், தாமிரப் பாத்திரங்கள் தொங்கும் சுவருக்குக் கீழே, விஷாகா ரசம் வைத்தாள். அஞ்சனா உருளைக்கிழங்கு வறுத்தாள். அங்கிள் மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "கண்ணு, கைமணம் உனக்கு" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை 128-ஆம் நம்பர் ரோட்டில் கடலுக்குப் போனோம். முழுக்க வளைவு. பூண்டு விளைச்சலில் தொடங்கி ரெட்வுட் மரங்கள் வரைக்கும் நான் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நாலு பேர் வண்டியில் இருந்தால் எனக்கு வாய் தானாகத் திறக்கும். நஞ்சுண்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணாடியில் பார்த்தேன். விஷாகா கடைசி வரிசையில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள், மடியில் டப்பா.

மெண்டசீனோவில் பனிமூட்டம், ஸ்வெட்டர் போடும் குளிர். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அன்று காலை ஆறரை மணிக்கு அவள் ஷூ போட்டு, சால்வை போர்த்திக்கொண்டு வந்து என்னை எழுப்பினாள்.

"வாங்க. பாறை வரைக்கும் போயிட்டு வரலாம். இப்பவே."

எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் கிட்டுசாமி அங்கிள் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சும்மா தலையசைத்தார், அவ்வளவுதான். எங்கள் கூட வருகிற எண்ணமே அவருக்கு இல்லை.

"அங்கிள், வாக்கிங் வர்றீங்களா?" என்றேன்.

ஏன் கூப்பிட்டேன் என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மரியாதைக்கு என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். பாறையில் போய் உட்கார்ந்ததும் அவள் "போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்பாள். "போகாதே" என்று நான் சொல்ல வேண்டும். நீ இல்லாமல் என்னால் முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாது.

பாறை மேல் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கிள் நடுவில் உட்கார்ந்தார்.

"ஏனுங், இந்தக் கடல்ல இறங்கிக் குளிக்க மாட்டாங்களா?"

"தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும் அங்கிள்" என்றாள் விஷாகா. அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காபி போடணும்" என்று எழுந்து போனாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் போனில் என்னவோ டைப் பண்ணிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். தீக்ஷாவோடு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

நஞ்சுண்டன் குடும்பத்தை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாமான்களை உள்ளே வைத்தோம். அவள் குக்கரை எடுத்துத் தேய்க்கப் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"மெயில் அனுப்பிட்டேன். டெக்ஸஸுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"வர்ற வழியில, க்ளோவர்டேல் வந்ததும். அங்கதான் சிக்னல் கிடைச்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?" என் குரல் உயர்ந்தது. கோபம் வந்துவிட்டது, உண்மையாகவே.

அவள் குழாயை மூடினாள். "கேக்கத்தாங்க அஞ்சு நாள் வந்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு நாள் இருந்தது. இன்னொரு மெயில் போட்டால் முடிந்தது. ஆனால் நான் சொன்னது இதுதான்: "சரி விடு. தீக்ஷாவுக்கும் இந்த நேரத்துல துணையா இருக்கும்." தீக்ஷாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் குக்கர் கேஸ்கெட்டைக் கழற்றித் தனியாகக் கழுவினாள்.

ஆகஸ்ட் கடைசியில் போனாள். எங்களுக்குள் சண்டை இல்லை. யாராவது கேட்டால் "வேலை விஷயமா அங்க இருக்கா" என்கிறேன், அதுவும் உண்மைதான். தினமும் சாயங்காலம் பேசுகிறோம், எட்டு நிமிடம் பத்து நிமிடம். பிரஷர் மாத்திரை போட்டீங்களா, தோட்டத்துக் குழாய் சரி பண்ணியாச்சா. நவம்பரில் பேத்தி பிறந்தாள். தேங்க்ஸ்கிவிங்குக்குப் போனேன். மகள் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் அவளுடைய சின்ன அபார்ட்மெண்ட். நான் குளிக்கப் போனபோது அலமாரியிலிருந்து மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குத்தான் அப்படி எடுத்துக் கொடுப்பாள். அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டு பாத்ரூமில் நின்று அழுதேன்.

இந்த வருடம் ஏப்ரலில் அதே செயின்ட் ஹெலீனா விடுதியைத் தேடிப் பிடித்தேன். அதே அறை. மெண்டசீனோவிலும் அதே அறை. ஜூலை நாலு, இரண்டு பேர். அடுப்பு கிடையாது, மைக்ரோவேவ் கிடையாது.

அந்த ஞாயிறு கடையில் நஞ்சுண்டனைப் பார்த்தேன். வழக்கம்போலக் கேட்டான். "லாங் வீக்கெண்டுக்கு எங்க பத்து?"

"நாபா. நானும் விஷாகாவும். ரெண்டு பேர் மட்டும்."

"ஓ, குட். போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவன் பாகற்காய் பொறுக்கப் போனான். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கா பயந்தேன் என்று பை கையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைக் காரிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"விஷா, அந்த ரூமையே புக் பண்ணிட்டேன். ஜூலை நாலு. நீ வரணும். போன வருஷம் நான் பண்ணினது தப்பு. போகாதேன்னு சொல்லியிருக்கணும். எனக்கு நீ போறதுல கொஞ்சம்கூட இஷ்டமில்ல. அதைச் சொல்லத் தெரியல."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அவள் அதை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பச் சொல்றீங்க" என்றாள்.

"இப்பவாவது."

குக்கரை இறக்கி வைக்கும் சத்தத்துக்குப் பிறகு, "சரி, வர்றேன்" என்றாள். அன்று முழுக்க நான் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நடந்தேன். புதுச் சட்டை ஒன்றுகூட வாங்கினேன்.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். பின்னால் பேத்தியின் சத்தம்.

"தீக்ஷாவும் மாப்பிள்ளையும் வர்றாங்க. ஃப்ளைட் எல்லாருக்கும் சேத்தே பாத்துட்டோம்."

"அவங்களா கேட்டாங்களா?"

"இல்ல, நான்தான் கூப்பிட்டேன். முதல்ல அவ, நோ, யூ கைஸ் கோ, அப்படின்னா. நான்தான் விடல."

"விஷா, நாம ரெண்டு பேர் மட்டும்னுதானே..."

"நாம ரெண்டு பேர் மட்டும் போய் என்ன பண்ணப் போறோம்?"

மோரி அவென்யூ கடையில் நான் அதைச் சொன்னபோது அவள் கூட இல்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை. அவள் குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. கூச்சம் மட்டும் இருந்தது. அந்தக் கூச்சத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் நான் எதைச் சொல்லி அவளை மறுப்பேன்?

"அப்பா, மேக் ஷ்யூர் தே ஹாவ் எ க்ரிப்! குழந்தைக்குத் தொட்டில்!" என்று தீக்ஷா தூரத்திலிருந்து கத்தினாள்.

லாப்டாப்பைத் திறந்தேன். இரண்டு பேர் என்று இருந்த இடத்தில் ஐந்து என்று மாற்றினேன்.

"அப்ப பெரிய இடமா மாத்திடறேன்" என்றேன்.

"மாத்துங்க. கிச்சன் இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றாள் விஷாகா. "குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சணும்."